விண்வெளி வியப்பைப் பொது வாசகரிடம் கொண்டுசேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியலையும் விண்வெளி ஆய்வையும் துறைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக எழுதிவரும் எனக்கு, எழுத விரும்புவோரிடமிருந்தும் படிப்பவர்களிடமிருந்தும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள் முதன்மையானவற்றுக்கு என் பதில்களை இங்கே தருகிறேன். சில பதில்கள் நீளமானவை. சிலவற்றுக்கு ஓரிரு வரிகளே போதும்.

ஒரு கண்டுபிடிப்பைப் பற்றி எழுதும்போது எங்கிருந்து தொடங்க வேண்டும்?

அது எப்படித் தெரியவந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீனை எடுத்துக்கொள்வோம். ‘சூரியனைவிட அதிக நிறை, ஒரு நகரத்தின் அளவுக்குள் அடைபட்டுச் சுழல்கிறது’ என்று தொடங்கினால், வாசகர் ‘அப்படியா’ என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார். அவர் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது எங்கோ நடந்த ஒன்று.

1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல்லின் மேசையிலிருந்து அதையே தொடங்கிப் பாருங்கள். அவர் பயன்படுத்திய ரேடியோ தொலைநோக்கி, தான் பெற்ற சமிக்ஞைகளைப் பேனாவால் காகிதச் சுருளில் கோடாக வரைந்து தள்ளும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் காகிதம். அத்தனையையும் அவர் கண்ணாலேயே பார்த்து அலச வேண்டும். ஒருநாள் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல் கண்ணில் பட்டது. மிகத் தொலைவிலிருந்து ரேடியோ அலைகளை உமிழும் பேரொளி மையங்களான குவேசார்களின் மினுக்கமாகவும் அது தெரியவில்லை, மனிதர்கள் உண்டாக்கும் ரேடியோ இரைச்சலாகவும் தெரியவில்லை. பழைய சுருள்களைப் புரட்டியபோது, வானத்தின் அதே பகுதியிலிருந்து அதே கிறுக்கல் முன்பும் வந்திருப்பது தெரிந்தது. அது நம் கடிகாரத்தைப் பின்பற்றாமல், விண்மீன்கள் உதிப்பதைப் போலவே நாளுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக வந்துகொண்டிருந்தது. ஆகவே அது பூமியில் யாரோ இயக்கும் கருவியின் தொந்தரவாக இருக்க வாய்ப்பில்லை. காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது, கிறுக்கல் பிரிந்து 1.337 வினாடிக்கு ஒன்றாக, பிசகாத துடிப்புகளின் வரிசையாகத் தெரிந்தது. வேற்றுலகத்தார் அனுப்பும் சமிக்ஞையோ என்று ஆய்வுக் குழுவினர் பாதி வேடிக்கையாக ‘சின்னப் பச்சை மனிதர்கள்’ என்று அதற்குப் பெயர் வைத்தனர். வானத்தின் வேறொரு மூலையிலிருந்து இரண்டாவது துடிப்பையும் பெல் கண்டபோது அந்த எண்ணம் விலகியது. வெவ்வேறு திசையிலிருந்து இரண்டு நாகரிகங்கள் ஒரே காலத்தில் ஒரே முறையில் நம்மை அழைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது அல்லவா?

வாசகர் அந்தக் காகிதத்தின் மீது குனிந்துவிட்டால் போதும், பல்சார் என்பது நியூட்ரான் விண்மீன் என்பதையும் அதன் அடர்த்தியையும் பிறகு சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கண்டுபிடிப்புக்கான 1974-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பெல்லின் வழிகாட்டியான ஆன்டனி ஹியூவிஷுக்குப் பங்கு கிடைத்தது, பெல்லுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வது எழுதுபவரின் கடமை என்று கருதுகிறேன்.

யாரும் போய்ப் பார்க்காத இடத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார்கள்?

வாசகர்கள் கேட்பவற்றிலேயே மிக நேர்மையான கேள்வி இதுதான். இதைக் கேட்பவரை அறிவியலை நம்பாதவர் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

உப்பைத் தீயில் தூவினால் சுடர் மஞ்சளாக எரியும். உப்பிலுள்ள சோடியம் அந்த மஞ்சளைத் தருகிறது. அதை முப்பட்டகத்தின் வழியே பார்த்தால், நிறமாலையில் குறிப்பிட்ட ஓரிடத்தில் நெருக்கமான இரண்டு கோடுகளாகத் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படித் தனக்கே உரிய கோடுகள் உண்டு. ஒன்றின் கோடுகள் மற்றொன்றுக்கு வாய்ப்பதில்லை. எனவே ஒரு விண்மீனின் ஒளி நம்மிடம் வந்துவிட்டால், அங்கே போகாமலேயே அதில் என்ன இருக்கிறது என்று படித்துவிடலாம்.

1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ழூல் ஜான்சன், சூரியனின் விளிம்பில் எழும் வாயுச் சுடர்களின் நிறமாலையை ஆராய்ந்தார். அந்தச் சுடர்களின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அது சோடியத்தின் கோடுகளுக்கு அருகே இருந்ததே தவிர, அவற்றோடு பொருந்தவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தில் நார்மன் லாக்யரும் அந்தக் கோட்டை ஆராய்ந்து, பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்துக்கு உரியது அது என்ற முடிவுக்கு வந்தார். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. 1895-இல்தான் வில்லியம் ராம்சே யுரேனியத் தாது ஒன்றிலிருந்து வெளியான வாயுவில் அதே மஞ்சள் கோட்டைக் கண்டார். பூமியில் கையில் கிடைப்பதற்கு 27 ஆண்டுகள் முன்பே, 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பொருளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ‘போய்ப் பார்க்காமல் எப்படி?’ என்று கேட்பவருக்கு இந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால், அதன் பிறகு வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களின் வளிமண்டலத்தைப் பற்றி நாம் எழுதுவதை அவர் வேறு கண்ணோடு படிப்பார்.

கோடி கோடியாக வரும் எண்களை எப்படிச் சொல்வது?

குறைவாகச் சொல்ல வேண்டும். ஒரு பத்தியில் மூன்று பெரிய எண்கள் வந்தால் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் என்ற தகவல் சரியானதே என்றாலும், அதைப் படித்து யாரும் தொலைவை உணர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் பெரும்பாலும் பயன்படுத்துவது ஒரு குண்டூசி. அதன் 2 மில்லிமீட்டர் தலையைப் பூமி என்று வைத்துக்கொண்டால், சூரியன் ஒரு கால்பந்தின் அளவில் இருக்கும். இரண்டுக்கும் இடையில் 23 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு இருக்கும். நிலவு, குண்டூசித் தலையிலிருந்து 6 சென்டிமீட்டரில் ஒரு மணல் துகள். மனிதர் நேரில் சென்ற மிகத் தொலைவான இடங்கள் அந்தத் துகளும் அதன் சுற்றுப்புறமுமே. வியாழன் 120 மீட்டருக்கு அப்பால் ஒரு கோலிக்குண்டு. நெப்டியூன் 700 மீட்டரில் இருக்கும். 1977-இல் ஏவப்பட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வாயேஜர் 1 விண்கலம், இந்த அளவில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் சென்றிருக்கிறது. சரி, சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புராக்சிமா சென்டாரி எங்கே? 6,300 கிலோமீட்டர் தள்ளி. அதாவது நீங்கள் நிற்கும் தரையிலிருந்து பூமியின் மையம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு தொலைவில். இதைக் கேட்டவர்கள் அந்த 4 கிலோமீட்டரிடம் மறுபடி திரும்பிச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். அரை நூற்றாண்டுப் பயணத்துக்கு அவ்வளவுதானா என்பார்கள். அந்த இடத்தில் நான் வேறெதுவும் சொல்வதில்லை.

இதோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. மில்லியன் என்பது பத்து லட்சம், பில்லியன் என்பது நூறு கோடி. செய்திகளில் பில்லியனைக் கோடி என்றே எழுதிவிடும் பிழையை அடிக்கடி காண முடிகிறது, 1.3 பில்லியன் ஒளியாண்டு 130 கோடி ஒளியாண்டாக வர வேண்டியிருக்க, 1.3 கோடி என்று வந்தால் தொலைவு நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எழுதி முடித்ததும் எண்களை மட்டும் தனியே ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அப்படியானால் வாசகருக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டுமா?

வாசகருக்கு வேண்டியதில்லை. எழுதுபவருக்குக் கொஞ்சமாவது வேண்டும்.

தமிழ்க் கலைச்சொற்களைப் பயன்படுத்த வேண்டுமா, ஒலிபெயர்த்து எழுதலாமா?

கருந்துளை, ஒளியாண்டு, சிறுகோள், ஈர்ப்பலை போன்றவை படித்த மாத்திரத்தில் பொருள் தரும் சொற்கள். இவற்றை விட்டுவிட்டு ஒலிபெயர்ப்பதற்குக் காரணமே இல்லை. குவேசார், புரோட்டான், நியூட்ரினோ ஆகியவற்றை வலிந்து தமிழாக்கினால் வாசகர் தடுக்கி விழுவார், அப்படியே எழுதிவிடலாம்.

உண்மையான சிக்கல், ஒரே சொல் இரண்டு பொருளில் புழங்கும் இடத்தில் இருக்கிறது. ‘விண்மீன் மண்டலம்’ என்ற சொல்லைச் சிலர் ஓரியன் போன்ற விண்மீன் குழுவுக்கும், சிலர் ஆண்ட்ரோமீடா போன்ற பேரடைக்கும் வழங்குகிறார்கள். முன்னது நம் கண்ணுக்குப் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் சில விண்மீன்கள். பின்னது பல ஆயிரம் கோடி விண்மீன்கள் ஈர்ப்பால் பிணைந்திருக்கும் தொகுதி. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் கட்டுரை முழுவதும் குழம்பிவிடும். அதைப் போலவே ‘நிறை’ வேறு, ‘எடை’ வேறு. நிலவுக்குச் சென்றால் எடைதான் ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது.

பழைய பெயர்களை மறந்துவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டல்ஜூஸ் என்று எழுதும்போது அந்நியமாகத் தெரியும் விண்மீன், திருவாதிரை என்றதும் தெரிந்த முகமாகிவிடுகிறது. 2019-இன் இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே இறங்கியபோது, வெடிக்கப் போகிறது என்ற செய்தி எங்கும் பரவியது. விண்மீன் தானே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி, நம் பார்வைக் கோட்டை மறைத்தது அதற்கு முக்கியக் காரணம் என்று பின்னர் ஆய்வாளர்கள் விளக்கினர். அந்த நாள்களில் ‘ஆதிரைக்கு என்ன ஆயிற்று?’ என்று விசாரித்தவர்கள், ஊரிலிருக்கும் உறவினரின் உடல்நலத்தை விசாரிப்பதைப் போலவே விசாரித்தார்கள். சோதிடத்தோடு குழப்பிக்கொள்வார்களோ என்ற அச்சம் தேவையில்லை. பெயர் வானத்துக்கு உரியது.

விண்வெளிப் படங்களில் காணும் நிறங்கள் உண்மையானவையா?

பல படங்களில், நம் கண் நேரில் காணக்கூடிய நிறங்கள் அவை அல்ல. ஆனால் அதனால் அவை பொய்யும் அல்ல. 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெரும்பாலும் அகச்சிவப்பில் பார்க்கிறது; அது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. படத்தை ஆயத்தம் செய்பவர்கள் அதிலுள்ள நீண்ட அலைகளுக்குச் சிவப்பையும் குறுகிய அலைகளுக்கு நீலத்தையும் வழங்குகிறார்கள். எட்டாத சுரத்தில் பாடப்பட்ட பாட்டை, இடைவெளிகள் மாறாமல் சுருதி இறக்கிப் பாடுவதற்கு இதை ஒப்பிடலாம்.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 பேரடையின் கருந்துளைப் படத்தில் இந்த விளக்கம் இன்னும் அவசியமாகிறது. அந்த ஆரஞ்சு வளையம், 1.3 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைகளின் செறிவைக் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்த நிறம் மட்டுமே. பல நாடுகளில் இருந்த எட்டுத் தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பதிவு செய்த தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததால், வன்வட்டுகளில் ஏற்றி விமானத்தில் கொண்டுவந்தார்கள். தென்துருவத்திலிருந்த வன்வட்டுகள் வந்துசேர, அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறத்தைப் பற்றிய உண்மையைச் சொன்னால் படத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். நான் கண்டவரையில், வன்வட்டு விமானத்துக்காகக் காத்திருந்த கதையைக் கேட்டவர்கள் அந்த மங்கலான வளையத்தை முன்னைவிட அதிக நேரம் பார்க்கிறார்கள்.

ஒப்புமைகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

எங்கே உடைகிறது என்று சொல்லும் அளவுக்கு. ஈர்ப்பை விளக்க, நீட்டிக் கட்டிய ரப்பர் விரிப்பின் நடுவே கனமான குண்டை வைத்து, சிறிய குண்டு அதைச் சுற்றி உருள்வதைக் காட்டுவது வழக்கம். பார்க்க அழகான காட்சிதான். ஆனால் அந்தக் குண்டு பள்ளத்தில் உருளக் காரணம் கீழே இருக்கும் பூமியின் ஈர்ப்பு. அதாவது ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே துணைக்கு அழைத்திருக்கிறோம். விவரமான பள்ளி மாணவர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துக் கேட்டுவிடுவார். கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது மரியாதை.

பரபரப்பான அறிவிப்பு வந்தால் உடனே எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லி எழுத வேண்டும். 2011 செப்டம்பரில், செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியில் இருந்த ஓபரா கருவிக்குச் சென்ற நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள், ஒளியைவிட 60 நானோவினாடி முன்னதாக வந்துவிட்டதாகத் தெரிகிறது என்று அந்த ஆய்வுக் குழு அறிவித்தது. ‘எங்களால் பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை, நீங்களும் பாருங்கள்’ என்பதே அவர்களின் வேண்டுகோளாக இருந்தது. ஐன்ஸ்டைன் தோற்றார் என்ற தலைப்புகளில் அந்த வேண்டுகோள் காணாமற்போயிற்று. சில மாதங்களில் பிழை பிடிபட்டது. சரியாகப் பொருத்தப்படாத ஒளியிழை வடம் ஒன்று, நேரக் கணக்கைப் பிசகச் செய்திருந்தது. முதல் நாளிலேயே அந்த வேண்டுகோளோடு சேர்த்து எழுதியவர்கள் பின்னால் எதையும் திரும்பப் பெற வேண்டியிருக்கவில்லை.

விஞ்ஞானிகள் தவறிய கதைகளை எழுதினால் அறிவியல் மீது நம்பிக்கை குறைந்துவிடாதா?

மறைத்துப் பின்னால் வெளிப்பட்டால்தான் குறையும். 1925-இல் சிசிலியா பெய்ன் தம் முனைவர் பட்ட ஆய்வில், விண்மீன்கள் பெரும்பகுதி ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கணக்கிட்டார். பூமியைப் போன்ற கலவையிலேயே சூரியனும் இருக்கிறது என்று அப்போது வானியல் துறையின் பெரியவர்கள் நம்பினார்கள். அவர்களுள் ஒருவரான ஹென்றி நோரிஸ் ரசலின் அறிவுரையை ஏற்று, தம் முடிவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று பெய்ன் தம் ஆய்வேட்டிலேயே எழுதிவைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து வேறு வழியில் ஆராய்ந்த ரசலும் அதே முடிவுக்கு வந்து, பெய்னின் பணியைக் குறிப்பிட்டார். தவறை யார் திருத்தினார், எதைக் கொண்டு திருத்தினார் என்பது வரை எழுதினால், இந்தக் கதை அறிவியலுக்கு எதிராக ஒருபோதும் திரும்பாது.

பூமியின் மீது சிறுகோள் மோத ‘3 விழுக்காடு’ வாய்ப்பு என்று சொல்லிவிட்டு, ஒரு வாரத்தில் இல்லை என்கிறார்களே?

2024 டிசம்பர் 27 அன்று கண்டறியப்பட்ட 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளைப் பற்றிய கேள்வி இது. 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு முதலில் 1 விழுக்காட்டைத் தாண்டி, 2025 பிப்ரவரியில் ஏறத்தாழ 3.1 விழுக்காடு வரை ஏறி, அந்த மாதம் முடிவதற்குள் ஏறக்குறையச் சுழியத்துக்கு இறங்கியது. மறைத்தார்கள், மாற்றிச் சொன்னார்கள் என்று பலர் ஐயுற்றனர். கணக்கு நடக்கும் விதம் தெரிந்தால் ஐயம் எழாது.

சில நாள்கள் மட்டுமே பார்த்த சிறுகோள் எட்டு ஆண்டுகளுக்குப் பின் எங்கே இருக்கும் என்பதை ஒரு புள்ளியாகச் சொல்ல முடியாது. நீண்ட பட்டையாகத்தான் சொல்ல முடியும். அந்தப் பட்டைக்குள் எங்கோ பூமியும் இருக்கிறது. கூடுதலாகப் பார்க்கப் பார்க்கப் பட்டை இரு முனைகளிலும் சுருங்குகிறது. பூமியின் அளவோ மாறுவதில்லை. எனவே சுருங்கிய பட்டையில் பூமி அடைக்கும் பங்கு கூடுகிறது, வாய்ப்பு ஏறுகிறது. இறுதியில் பட்டையின் ஓரம் பூமியைத் தாண்டி உள்ளே நகர்ந்தவுடன், பூமி வெளியே நின்றுவிடுகிறது. வாய்ப்பு சடாரென விழுகிறது. ஏறியதும் இறங்கியதும் ஒரே வேலையின் இரண்டு கட்டங்கள். ஒரு தாளில் கோடு வரைந்து, நடுவே ஓரிடத்தில் நாணயம் ஒன்றை வைத்து, கோட்டை இரு பக்கமும் அழித்துக்கொண்டே வந்தால் யாருக்கும் விளங்கிவிடும்.

இதனால் என்ன பயன்?

பயனைக் கேட்பவருக்குப் பயன் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலுள்ள கடிகாரங்கள், தரையிலுள்ள கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோவினாடி வேகமாக ஓடுகின்றன. வேகம், ஈர்ப்பு ஆகிய இரண்டும் காலத்தின் மீது செலுத்தும் விளைவுகளின் கூட்டுத்தொகை அது. சார்பியல் கோட்பாட்டின்படி அதைத் திருத்தாவிட்டால், கைப்பேசி காட்டும் இடம் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிசகிவிடும். எனினும் ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் பயனை ஒட்டவைக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கேட்காத கேள்விக்கு மன்னிப்புக் கேட்பது போல் இருக்கிறது.

தொலைநோக்கி இல்லாதவர் எதைப் பார்க்கலாம்?

நிலவில்லாத இரவில், விளக்கொளி எட்டாத இடத்தில், கண்கள் இருளுக்குப் பழக அரைமணி நேரம் கொடுத்துவிட்டு ஆண்ட்ரோமீடா பேரடையைத் தேடலாம். நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று விலக்கினால், மங்கிய பஞ்சுத் துணுக்குப் போலத் தெரியும். விழித்திரையின் ஓரப் பகுதிகள் மங்கிய ஒளியை நடுப்பகுதியைவிட நன்றாக உணர்வதே அதற்குக் காரணம். அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஓர் எண்ணை மட்டும் வாசகர் அந்தத் துணுக்கைக் கண்ட பிறகு சொல்லுங்கள், முன்னால் சொல்ல வேண்டாம்.

சாதாரண இருகண்ணோக்கி இருந்தால், கையை அசையாமல் ஊன்றிக்கொண்டு வியாழனைப் பார்க்கலாம். அருகே ஒரே கோட்டில் கலிலியோ 1610-இல் கண்ட நிலவுகள் புள்ளிகளாகத் தெரியும். மறுநாள் இடம் மாறியிருக்கும். காத்திருக்க முடிந்தவர்கள் 2029 ஏப்ரல் 13-ஐக் குறித்துவைத்துக்கொள்ளலாம். அன்று அபோஃபிஸ் என்ற சிறுகோள், தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தைவிட நெருக்கமாக, பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டரில் மோதாமல் கடந்து செல்லும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளில் இருப்பவர்கள் விண்மீன்களுக்கிடையே அது நகர்வதை வெறும் கண்ணாலேயே பார்க்க முடியும்.